பாஸ் கந்தோராகிப் போன பிரபுக்கள் சபை

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருபவை மன்னன் முதலாம் சாள்ஸ், ஒலிவர் குரொம்வெல், வெட்டப்பட்ட ஒரு தலை. கொஞ்சம் கூடுதலாக வாசித்தவர்கள் கிறிஸ்தோபர் ஹில்லைக் கையில் வைத்துக்கொண்டு, அது முதலாளித்துவப் புரட்சியா இல்லையா என்று விடிய விடிய விவாதித்திருப்பார்கள். பல்கலைக்கழகத்தில் இருந்த கொஞ்சக் காலத்தில் நானும் அப்படி விவாதித்தவன்தான். எங்கள் விவாதங்களில் பிரபுக்கள் சபைக்கு இடம் இருக்கவில்லை. அது ஒழிக்கப்பட வேண்டியது, 1649இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு மேல் என்ன இருக்கிறது?

அந்தச் சபையின் நாட்பதிவேடு 18ஆம் நூற்றாண்டிலேயே அச்சாகத் தொடங்கிவிட்டது. போர்க்காலத்துக்குரியவை ஐந்தாம் தொகுதியிலிருந்து பத்தாம் தொகுதி வரை. உணவகத்தில் மத்தியான வேலை முடிந்து இரவு வேலை தொடங்குவதற்கு இடையே கிடைக்கும் இரண்டரை மணித்தியாலத்தில் நூலகத்தில் இருந்து இவற்றைப் புரட்டத் தொடங்கினேன். போரைத் தேடித்தான் புரட்டினேன். போர் இருந்தது, தளபதிகளின் கடிதங்களும் சமாதானப் பிரேரணைகளும் இருந்தன. ஆனால் பக்கங்களை நிறைத்துக் கிடந்தவை மனுக்கள். இன்னாருக்கு இன்ன இடம் போக பாஸ். இன்னாரைக் கடனுக்காகப் பிடித்தது தவறு, விடுதலை செய்க. இன்ன ஊர்த் தேவாலயத்துக்கு இன்னார் குருவானவர். மறுநாளும் இதே. அதற்கு மறுநாளும் இதே.

ஒவ்வொரு நாளின் பதிவும் இலத்தீனில் கிழமையோடு தொடங்கும். செவ்வாய்க் கிழமையை அவர்களும் செவ்வாய்க் கிரகத்தின் பெயராலேயே எழுதுகிறார்கள். அவர்களுக்கு அது போர்த் தெய்வத்தின் பெயரும்கூட. வெள்ளிக் கிழமை வெள்ளியின் பெயரில். பிறகு பிரார்த்தனை, நடத்திய குருவானவரின் பெயர். பல நாட்களில் சமுகமளித்த பிரபுக்களின் பெயர்ப் பட்டியலும், பட்டம் பதவி வரிசை பிசகாமல், இருக்கும். இதையெல்லாம் எழுதுவித்தவர் ஜோன் பிறவுண் என்ற எழுத்தர். 1638இல் பதவிக்கு வந்தவர். அவர் போரைப் பற்றி என்ன நினைத்தார் என்பது இந்தப் பதிவேட்டில் ஒரு வரியிலும் இல்லை. எழுத்தர் வேலை அப்படிப்பட்டது.

பட்டியல் சுருங்கிக்கொண்டே வருவதுதான் இந்தத் தொகுதிகளின் கதை. 1640 நவம்பரில் பாராளுமன்றம் கூடியபோது நூற்றுக்கும் மேற்பட்ட பிரபுக்கள், அவர்களோடு ஆயர்கள். 1642 பெப்ரவரியில் ஆயர்களைச் சபையிலிருந்து நீக்கும் சட்டத்துக்கு மன்னன் ஒப்புதல் கொடுத்தான். அந்த வருட மே மாதம் சபையின் தலைமை ஆசனமான கம்பளி மூட்டையில் இருந்த லிற்றில்டன் பிரபு, நாட்டின் பெரு முத்திரையை மன்னனுக்கு அனுப்பிவிட்டு, தானும் பின்னாலேயே யோர்க் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அப்படிப் போன ஒன்பது பேர் மீது அதே கோடையில் குற்றம் சாட்டி, அந்தப் பாராளுமன்றத்தில் அவர்களுக்கு இனி ஆசனம் இல்லை என்று தீர்த்தார்கள். ஓகஸ்ட் 22ஆம் திகதி மன்னன் நொட்டிங்ஹாமில் கொடியேற்றியபோது வெஸ்ட்மின்ஸ்டரில் மிஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ முப்பது பேர். 1644 ஜனவரியில் மன்னன் ஒக்ஸ்போர்டில் தன்னுடைய பாராளுமன்றத்தைக் கூட்டியபோது அங்கே கூடிய பிரபுக்கள் வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்தவர்களைவிட அதிகம்.

மிஞ்சியவர்கள் எல்லோரும் கொள்கை வீரர்கள் அல்ல. எசெக்ஸ் பிரபு பாராளுமன்றப் படையின் தளபதி, வொரிக் பிரபு கடற்படையை வைத்திருந்தார், மஞ்செஸ்ரர் பிரபு கிழக்கு மாவட்டப் படையை நடத்தினார். சிலர் லண்டனில் சொத்து வைத்திருந்ததால் இருந்தார்கள். சிலர் எந்தப் பக்கம் வெல்லும் என்று பார்த்துக்கொண்டு இருந்தார்கள். 1643 ஓகஸ்டில் சமாதான முயற்சி முறிந்ததும் ஹொலண்ட், பெட்ஃபோர்ட், கிளெயர் ஆகிய மூன்று பிரபுக்கள் ஒக்ஸ்போர்டுக்குப் போனார்கள். அங்கே அவர்களை யாரும் நம்பவில்லை. சில மாதங்களில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். இங்கேயும் யாரும் நம்பவில்லை. ஹொலண்ட் 1648இல் மறுபடி மன்னனுக்காக வாளெடுத்து, 1649 மார்ச்சில் தலையை இழந்தார். இரண்டு பக்கமும் போய் வந்தவனுக்கு இரண்டு பக்கமும் இல்லாமல் போவதை நாங்கள் ஒன்றும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆள் இல்லாத சபையிடம் மக்கள் ஏன் மனுவோடு வந்தார்கள்? காரணம் இருக்கிறது. மன்னனின் தனி நீதிமன்றமாகிய நட்சத்திர மண்டபமும் மத விசாரணை மன்றமும் 1641 ஜூலையில் ஒழிக்கப்பட்டன. மன்னனின் ஆலோசனைச் சபை மன்னனோடு போய்விட்டது. மாவட்டங்களுக்குச் சுற்றுலா வரும் நீதிபதிகள் போர் காரணமாகப் பல இடங்களுக்கு வருடக் கணக்கில் வரவில்லை. முறையிட ஓர் இடம் வேண்டுமே! பிரபுக்கள் சபை பழைய காலத்திலிருந்தே ஒரு நீதிமன்றமும்கூட. கதவு திறந்திருந்தது, எழுத்தர் இருந்தார், முத்திரை விழுந்த தாள் ஒன்று கிடைத்தது. போதாதா?

இன்னொரு காரணம், பொதுமக்கள் சபைக்கு இவர்கள் தேவைப்பட்டார்கள். மன்னனின் ஒப்புதல் இல்லாமல் சட்டம் இல்லை. ஆகவே இரு சபைகளும் சேர்ந்து நிறைவேற்றுவதைக் கட்டளைச் சட்டம் என்று அழைத்தார்கள். இலங்கைச் சட்டப் புத்தகங்களில் பழகிப்போன சொல்தான், வரலாறு வேறு. படை திரட்ட, வரி வாங்க, சொத்தைப் பறிமுதல் செய்ய, எல்லாவற்றுக்கும் இந்தப் பதினைந்து இருபது கனவான்களின் 'ஆம்' தேவைப்பட்டது. இவர்கள் இழுத்தடித்தார்கள். புதிய பெரு முத்திரை செய்வதற்கு இணங்க மாதக் கணக்கில் எடுத்தார்கள். 1643 நவம்பரில்தான் அது முடிந்தது. பாராளுமன்ற உறுப்பினர் எவரும் படைப் பதவி வகிக்கக் கூடாது என்ற கட்டளையை 1645 ஜனவரியில் நிராகரித்தார்கள். அது இவர்களின் தளபதிப் பதவிகளையே பறிப்பது அல்லவா. பிறகு திருத்திய வடிவத்தை ஏப்ரலில் ஏற்றுக்கொண்டார்கள்.

நான் அதிகம் நின்றது பாஸ் விஷயத்தில். நாட்டுக்குள் எல்லைகள் விழுந்துவிட்டன. லண்டனிலிருந்து ஒக்ஸ்போர்டுக்கு அறுபது மைலும் இல்லை. ஆனால் இடையில் இரண்டு படைகளின் காவலரண்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக, கப்பலேற, கணவனைப் போய்ப் பார்க்க, நோய்க்கு மருத்துவம் செய்யப் பிரான்சுக்குப் போக, எதற்கும் தாள் வேண்டும். அந்தத் தாளில் பெயர் மட்டும் போதாது. எத்தனை வேலையாட்கள், எத்தனை குதிரைகள், வண்டி உண்டா, உடுப்புப் பெட்டிகள் உண்டா என்றெல்லாம் இருக்கும். வவுனியாவில் பாஸ் கியூவில் நின்ற வயதில் எனக்கு இந்தப் பதிவேடு தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் இத்தனை சீமாட்டிகளும் எங்களைப் போலவே நின்றார்கள் என்று ஒரு அற்ப சந்தோஷமாவது பட்டிருக்கலாம். உண்மையில் அவர்கள் நிற்கவில்லை. மனுவை ஆள் மூலம் அனுப்பினார்கள். பிரபுக்கள் சபைக்கு மனு எழுதவும், அதை உள்ளே சேர்ப்பிக்கவும், கட்டளையின் பிரதியை வாங்கவும் காசு வேண்டியிருந்தது. பதிவேட்டில் பாஸ் வாங்கியவர்கள் பெரும்பாலும் பெயருள்ளவர்கள். பெயரில்லாதவர்கள் இரவில் நடந்திருப்பார்கள்.

பாஸ் இல்லாமல் பிடிபட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். நீதிமன்றத் தவணையை லண்டனிலிருந்து ஒக்ஸ்போர்டுக்கு மாற்றும் மன்னனின் பத்திரங்களைக் கொண்டுவந்த டானியல் நைவெட்டன் என்ற தூதன் 1643 நவம்பரில் ஒற்றன் என்று லண்டனில் தூக்கிலிடப்பட்டான். அவன் செய்தது தபால் வேலை.

மன்னனின் சொந்தப் பிள்ளைகளும் இந்தப் பதிவேட்டுக்குள் வருகிறார்கள். இளவரசி எலிசபெத்தும் தம்பி ஹென்றியும் பாராளுமன்றத்தின் பொறுப்பில் லண்டனிலேயே விடப்பட்டவர்கள். பொதுமக்கள் சபை அவர்களுடைய வேலையாட்களை மாற்றி நம்பிக்கையான ஆட்களைப் போட முனைந்தபோது, ஏழெட்டு வயதுப் பிள்ளை பிரபுக்களுக்கு ஒரு கடிதம் எழுதினாள். தன்னுடைய ஆட்களை எடுத்துவிட்டு அந்நியர்களை வைக்கப் போகிறார்களாம், நீங்கள் என்னைக் கவனிப்போம் என்று வாக்களித்தவர்கள் அல்லவா என்பது அதன் சாரம். சபை அதை வாசித்தது. தங்களைக் கேளாமல் பொதுமக்கள் சபை இப்படிச் செய்யலாமா என்று கொதித்தது. பிள்ளைக்காகக் கொதித்ததா, தன் உரிமைக்காகக் கொதித்ததா என்பது வேறு கதை. இந்தப் பிள்ளைகளின் அண்ணன் ஜேம்ஸ் பிறகு அதே காவலுக்குள் கொண்டுவரப்பட்டான். 1648 ஏப்ரலில், பதினான்கு வயதில், பெண் வேடமிட்டு ஒல்லாந்துக்குத் தப்பிப் போனான். பாஸ் கேட்கவில்லை. பின்னாளில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னன் ஆனவன் இவன்தான்.

1641 ஒக்ரோபரில் அயர்லாந்தில் கிளர்ச்சி வெடித்ததும் அங்கிருந்து ஓடிவந்த புரட்டஸ்தாந்தக் குடியேறிகளின் மனுக்களும் வந்தன. வீடு போயிற்று, மாடு போயிற்று, கணவன் போனான், உடுத்த உடுப்போடு வந்தோம். வாசிக்க நெஞ்சு கனக்கும். அந்த நிலம் அதற்கு முன் யாருடையதாக இருந்தது என்ற கேள்வி மனுவில் இல்லை. மனுவை வாசித்தவர்களும் கேட்கவில்லை. அகதி பொய் சொல்லவில்லை. ஆனால் மனுவின் தொடக்க வரி எப்போதும் தான் இழந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறது.

பதிவேட்டின் அசிங்கமான பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரபுக்களை மட்டுமல்ல, அவர்களுடைய வேலையாட்களையும் கடனுக்காகக் கைது செய்ய முடியாது என்பது பழைய சலுகை. இதற்காகப் பிரபுக்கள் 'பாதுகாப்புக் கடிதம்' எழுதிக் கொடுப்பார்கள். பிரபுவின் குசினியை எட்டியும் பாராத வியாபாரிகள் திடீரென்று பிரபுவின் வேலையாட்கள் ஆனார்கள். கடன் கொடுத்தவன் பொலிஸ்காரனைப் போன்ற ஒரு பெயிலியைக் கூட்டிக்கொண்டு போய்க் கடனாளியைப் பிடித்தால், பிடித்தவன்தான் சபையின் முன் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். நாடு இரண்டாகப் பிளந்து கிடக்கும்போது பிரபுக்களின் காலைப் பொழுதில் ஒரு பங்கு இதற்கே செலவானது. ஹில்லின் வாசகர்களுக்குப் பிரபுக்கள் சபை மேல் இருந்த வெறுப்பு ஆதாரமில்லாதது அல்ல.

1646க்குப் பின் இன்னொரு வகைப் பதிவு மழைபோலப் பொழிகிறது. ஆயர்கள் ஒழிந்துவிட்டதால் ஊர்த் தேவாலயத்துக்குக் குருவை நியமிக்கும் அதிகாரம் காற்றில் தொங்கியது. சபை கலாநிதி எய்லெற் என்ற சட்டவறிஞருக்குக் கட்டளையிடும்: இன்னாரை இன்ன ஊர்ப் பங்குக்கு அமர்த்துக. ரொபேட் எய்லெற் கவிதையும் எழுதியவர் என்பது உபரிச் செய்தி. ஒரே வாக்கியம், ஊரும் பெயரும் மட்டும் மாறும். சலிப்பூட்டும் பக்கங்கள். நான் பலவற்றைத் தாண்டிப் போனேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பெரிய விஷயங்களும் இந்தச் சின்ன விஷயங்களின் இடையேதான் வருகின்றன. கன்ரபெரிப் பேராயர் லோட் மீதான விசாரணை 1644 மார்ச் 12இல் தொடங்கி மாதக் கணக்கில் நீண்டது. காலையில் குற்றச்சாட்டு, பிற்பகலில் கிழவனின் பதில். பதில் சொல்லும் நேரத்தில் ஆசனங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இருந்தார்கள். 1645 ஜனவரி 4ஆம் திகதி அவரைக் கொல்வதற்கான கட்டளைக்குச் சபை இணங்கியது. அன்றே பழைய பிரார்த்தனைப் புத்தகத்தை நீக்கும் கட்டளையும் நிறைவேறியது. ஜனவரி 10இல் தலை போயிற்று. அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன், 1644 டிசம்பர் 28இல், புத்தக வியாபாரிகள் சங்கத்தின் முறைப்பாட்டின் பேரில் ஜோன் மில்டனை இரண்டு நீதிபதிகள் விசாரிக்க வேண்டும் என்று ஒரு கட்டளை. அச்சுச் சுதந்திரத்துக்காக அவர் எழுதிய 'அரியோபஜிற்றிக்கா' வெளிவந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. பதிவேட்டில் மில்டனுக்கு எந்த விசேட மரியாதையும் இல்லை. கடனாளிகளும் குதிரைகளும் வரும் பக்கங்களில் அவரும் ஒரு பெயர்.

லில்பேர்ணின் கதைதான் உச்சம். 1638இல் அனுமதியற்ற புத்தகங்களுக்காக நட்சத்திர மண்டபம் ஜோன் லில்பேர்ணை வீதி நெடுகக் கசையால் அடித்துக் கட்டையில் மாட்டியது. 1646 பெப்ரவரியில் பிரபுக்கள் சபை அந்தத் தீர்ப்பு அநியாயம் என்று ரத்துச் செய்து நட்டஈட்டுக்கும் வழி செய்தது. நாலைந்து மாதம் கழித்து, மஞ்செஸ்ரர் பிரபுவைத் தாக்கி எழுதியதற்காக அதே சபை அதே லில்பேர்ணை அழைத்தது. சாதாரணக் குடிமகனை விசாரிக்கப் பிரபுக்களுக்கு அதிகாரமில்லை என்றான். முழந்தாளிட மறுத்தான். குற்றப்பத்திரம் வாசிக்கும்போது இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். 1646 ஜூலை 11ஆம் திகதி தீர்ப்பு: அபராதம், ஏழு வருடச் சிறை. பெப்ரவரியில் நியாயம் வழங்கிய இடமும் ஜூலையில் அநியாயம் செய்த இடமும் ஒன்றே. பதிவேட்டுக்கு இரண்டும் கட்டளைதான்.

1647 ஜூலை 26இல் லண்டனின் தொழில் பழகும் இளைஞர்கள் கும்பலாகப் பாராளுமன்றத்துக்குள் புகுந்து, நகரக் காவற்படை பற்றிய கட்டளையைத் திரும்பப் பெறும்படி இரு சபைகளையும் வற்புறுத்தினார்கள். பிரபுக்கள் உடனே திரும்பப் பெற்றார்கள். பிறகு சபாநாயகராக இருந்த மஞ்செஸ்ரரும் சில பிரபுக்களும் படையிடம் ஓடினார்கள். மிஞ்சியவர்கள் வேறொரு சபாநாயகரைத் தெரிந்து அலுவலைத் தொடர்ந்தார்கள். ஓகஸ்ட் 6இல் படை ஓடியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து ஆசனத்தில் அமர்த்தியது. இடையில் நடந்த அலுவல்கள் எல்லாம் செல்லாது என்று ஒரு கட்டளை. பிறகு, இடையில் இருந்த ஏழு பிரபுக்கள் மீது குற்றச்சாட்டு. 1642இல் போனவன் துரோகி. 1647இல் இருந்தவன் துரோகி.

1649 ஜனவரி 2ஆம் திகதி மன்னனை விசாரிப்பதற்கான கட்டளை பிரபுக்கள் சபைக்கு வந்தது. அன்று ஒரு டசின் பேரளவில் கூடியிருந்தார்கள். அண்மைக் காலத்தில் அது பெரிய கூட்டம். நோர்தம்பர்லண்ட், மஞ்செஸ்ரர், டென்பி முதலியோர் எதிர்த்துப் பேசினார்கள். ஏகமனதாக நிராகரித்துவிட்டு ஒரு வாரத்துக்குச் சபையை ஒத்திவைத்தார்கள். மன்னனுக்கு எதிரான போரில் பாராளுமன்றத்தின் பக்கம் நின்றவர்கள் இவர்கள். மன்னன் போனால் அடுத்தது தாங்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் படை வாசலில் நிற்கும்போது 'இல்லை' என்று சொல்வதற்குப் பயம் மட்டும் போதாது. இந்த இடத்தில் என்னுடைய பழைய விவாதம் கொஞ்சம் தடுமாறுகிறது. ஜனவரி 4இல் பொதுமக்கள் சபை தானே நாட்டின் உயர் அதிகாரம் என்று தீர்மானித்தது. ஜனவரி 30இல் மன்னனின் தலை வெட்டப்பட்டது.

அதற்குப் பிறகும் சபை கூடியது. ஐந்தாறு பேர். நாட்டின் ஆட்சியை எப்படி அமைப்பது என்று இரு சபைகளும் பேச ஒரு குழு அமைப்போம் என்று பொதுமக்கள் சபைக்குத் தூது அனுப்பினார்கள். தூதர்கள் வாசலில் காத்து நின்றார்கள். உள்ளே கூப்பிடவில்லை. பெப்ரவரி 6ஆம் திகதி, பிரபுக்களின் ஆலோசனையைக் கேட்பதா என்று பொதுமக்கள் சபையில் வாக்கெடுப்பு: வேண்டாம் என்றோர் 44, வேண்டும் என்றோர் 29. பயனற்றது, ஆபத்தானது, ஒழிக்கப்பட வேண்டியது என்ற தீர்மானம் உடனே வந்தது. மார்ச் 19இல் சட்டமாயிற்று. பிரபுக்களும் பெப்ரவரி 6ஆம் திகதி கூடி, வழக்கம்போல மறுநாளுக்கு ஒத்திவைத்துக் கலைந்தார்கள். பத்தாம் தொகுதி அதோடு முடிகிறது.

பதினோராம் தொகுதி 1660 ஏப்ரல் 25ஆம் திகதி தொடங்குகிறது. பதினொரு வருடம் கடந்துவிட்டது; ஒரு பக்கத்தைத் திருப்பியதுபோல இருக்கிறது. கம்பளி மூட்டையில் மஞ்செஸ்ரர். எழுத்தர் மறுபடியும் ஜோன் பிறவுண். 1691 வரை அந்தப் பதவியில் இருந்தார். இடைக்காலத்தில் தன்னுடைய தாள்களில் ஒரு பகுதியை நோர்தம்ரன்ஷயரில் உள்ள தன் ஊர் வீட்டில் வைத்திருந்தார். மனுக்களும் பாஸ்களுக்கான விண்ணப்பங்களும், 1642இல் ஊர் ஊராகப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் சத்தியம் வாங்கிய இடாப்புகளும், வெஸ்ட்மின்ஸ்டரில் பழைய நகைக் கோபுரத்தில் போடப்பட்டன. 1834இல் பாராளுமன்றம் தீப்பற்றியபோது பொதுமக்கள் சபையின் பழைய ஆவணங்கள் எரிந்துபோயின. கோபுரம் தள்ளி இருந்ததால் பிரபுக்களின் கட்டுகள் தப்பின. அந்த இடாப்புகளில் இருந்துதான் இன்று பலர் தங்கள் பூட்டனுக்குப் பூட்டன் எந்த ஊரான் என்று தேடுகிறார்கள்.

1660 கோடையில் பிரபுக்கள் சபை ஒரு தாளைத் தேடியது. மன்னனின் மரண தண்டனையை நிறைவேற்றும்படி 59 பேர் கையெழுத்திட்ட கட்டளை. தண்டனையை நடத்திய கேணல் பிரான்சிஸ் ஹக்கரிடம் அது இருந்தது. ஜூலை 31ஆம் திகதி அதைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். கையெழுத்துகளைப் பார்த்துப் பெயர்களைக் குறித்துக்கொண்டார்கள். ஹக்கர் ஒக்ரோபரில் தூக்கிலிடப்பட்டார். தாங்கள் இணங்க மறுத்த விசாரணையின் அந்தத் தாளைப் பிரபுக்கள் மற்றக் கட்டுகளோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள்.